பத்தாம் நம்பர் ஸ்பானர்

என் அத்தான் பேட்டரி வயரைக் கழற்றுகிற அழகைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடும். அக்கா புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஆளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் வித்தை வித்தைதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், பானெட் திறந்திருக்கும், பத்தாம் நம்பர் ஸ்பானரை விரலில் சுழற்றிக்கொண்டே வந்து பேட்டரி முனையின் நட்டைத் தளர்த்துவார். வயரைச் சட்டென்று உருவிக் கையை மேலே தூக்கிக் காட்டுவார். எஞ்சின் நிற்காது. "பேட்டரியே இல்லாம ஓடுது பாரு, டைனமோ தங்கம்" என்பார். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற அந்தச் சாமானுக்கு ஆல்டர்னேட்டர் என்பதுதான் சரியான பெயர் என்றாலும் எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் அதை டைனமோ என்றுதான் சொல்லுவோம். சுற்றி நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதனாலேயே அவருக்கு வித்தைக்காரர் என்று பட்டப்பெயர்.

நான் டாக்ஸி ஓட்டுகிறவள். வண்டி என் சொந்த வண்டி. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளைக் காலையில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மத்தியானம் வீட்டில் இறக்கிவிடுவது என் வேலை. மூன்று பேர். அவர்களில் ஒருவர் என் அப்பா. அப்போது அவர் என்னோடுதான் இருந்தார். முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் ஹார்ன் அடிப்பது சரியில்லை, கியர் மாற்றுவது சரியில்லை என்று வழிநெடுக நச்சரிப்பார். எனக்கு அந்த நச்சரிப்பு இல்லாமல் வண்டி ஓடாது.

அந்தக் கோடையில் வெயில் எல்லாரையும் வறுத்தெடுத்தது. மத்தியானமானால் என் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தது. காலையில் சிமிட்டாது, சாயங்காலமும் சிமிட்டாது. உச்சி வெயிலில், நெரிசலில், ஏசி ஓடும்போது மட்டும்தான். டைனமோவும் பாவம்தான். தன் விசிறியால் தானே காற்றை இழுத்து உடம்பைக் குளிர வைத்துக்கொள்ள வேண்டும். பானெட்டுக்குள் இருக்கிற காற்றே வெந்து கிடந்தால் அது எதை இழுக்கும்? உள்ளே கம்பிச் சுருள் சூடாகச் சூடாக மின்சாரம் குறையும். வண்டி ஊர்ந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், மின்சாரம் இன்னும் குறையும். அந்த நேரம் பார்த்துத்தான் ஏசியும் ரேடியேட்டர் விசிறியும் கொண்டா கொண்டா என்று கேட்கும். வரவு குறைந்து செலவு கூடிய வீடு மாதிரி, மிச்சத்துக்கு பேட்டரியில்தான் கை வைக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மறுநாள் காலையிலேயே, நோயாளிகளை மருத்துவமனையில் இறக்கிவிட்ட கையோடு, அத்தானின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மத்தியானம் மட்டும் விளக்கு எரிகிறது, பானெட்டை மூடி ஏசியைப் போட்டு வண்டியைக் கொஞ்சநேரம் சூடாக்கிவிட்டு வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். மத்தியானம் மட்டும் வருகிற நோயா, உன் அக்காவுக்கும் சமைக்கிற நேரத்தில் மட்டும்தான் தலைவலி வரும் என்றார். ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆள் சேர்ந்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஸ்பானர் விரலில் சுழன்றது. வயரை உருவினார், கையைத் தூக்கினார். எஞ்சின் ஓடியது. யாரோ கைதட்டினார்கள். விளக்கைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று என் தலையில் தட்டி அனுப்பினார். நானும் இளித்துக்கொண்டே வந்தேன். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று மத்தியானம் மற்ற இரண்டு பேரையும் இறக்கிவிட்டு அப்பாவோடு ஆற்றுப்பாலத்தில் ஏறினேன். பாதிப் பாலத்தில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை சிமிட்டவில்லை, ஒரேயடியாக எரிந்தது. ஏசியை உடனே நிறுத்தினேன். அதற்குள் ஸ்டியரிங் கல்லாக இறுகி, எஞ்சின் இருமி, வண்டி நின்றது. சாவியைத் திருப்பினேன், ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியை இறக்கலாம் என்றால் பட்டன் வேலை செய்யவில்லை. நான்கு கதவையும் திறந்து போட்டேன். வெளியே இருந்த காற்று உள்ளே இருந்த காற்றைவிடச் சுட்டது. பாலத்தில் ஒரு மரம் உண்டா, நிழல் உண்டா? அப்பாவோ ஊசி குத்திக் களைத்த உடம்பு, ஒரு நாளைக்கு இத்தனை மடக்குதான் என்று தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிற மனிதர். "குட்டி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் கால்மிதியை உருவி விசிறிக்கொண்டே போகிற வண்டிகளைப் பார்த்துக் கத்தினேன். கடைசியில் ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

அப்பா பிழைத்தார். ஆனால் பாதி ஆளாகத்தான் எழுந்தார்.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வண்டி ஏற்பாடுகளைப் பார்க்கிற பொறுப்பாளர் அம்மா இருந்தார். எங்கள் ஸ்டாண்டு டிரைவர் ஒருவன் இருந்தான். காதில் விழுந்ததை மாலைக்குள் ஊருக்கே ஒலிபரப்பிவிடுவான் என்பதால் அவனை ரேடியோ என்போம். இத்தனை பேரையும் வைத்துக்கொண்டு அத்தான் வராந்தாவே அதிரும்படி சொன்னார். "காலைல நான் பார்த்தப்போ டைனமோ தங்கமா இருந்துச்சு. பத்துப் பேர் சாட்சி. இவ ஏசியை முழுசா வெச்சு அதை வேகவெச்சிருக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்பாவையும் சேர்த்து வேகவெச்சுட்டியேடி" என்றாள்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் மருத்துவமனையிலிருந்தே அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். நான் போனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, அப்பா தூங்குகிறார் என்பாள். எந்த நேரம் போனாலும் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். மருத்துவமனை வேலை என் கையைவிட்டுப் போனது. யார் கைக்குப் போனது என்று நினைக்கிறீர்கள்? அத்தான் ஒரு வேன் வாங்கினார். பளபளவென்று, ஏசியோடு. நோயாளிகளைத் தானே ஏற்றிக்கொண்டு போனார். என் அப்பாவை என் கண் முன்னாலேயே அந்த வேனில் ஏற்றி இறக்கினார். நான் மருத்துவமனை வாசலில் மற்ற டாக்ஸிகளோடு சவாரிக்குக் காத்துக்கொண்டு நிற்பேன். அப்பா ஜன்னல் வழியாகக் கையைத் தூக்குவார். அக்கா அவர் கையை மெல்லக் கீழே இறக்கிவிடுவாள்.

இதில் கொடுமை என்னவென்றால் நானே பாதி நம்பிவிட்டேன். ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கலாமோ, நான்தான் அப்பாவை இப்படிச் செய்துவிட்டேனோ என்று சோறு இறங்காமல் கிடந்தேன். வண்டியைச் சரிசெய்ய டைனமோவைக் கழற்றி, சுருள் கட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோனபோதுதான் கண் திறந்தது. அவர் சரியான சிடுமூஞ்சி, அளந்துதான் பேசுவார். அதைப் பிரித்து என் முன்னால் வைத்தார். சூட்டில் வெந்த சுருள் என்றால் சுற்றிலும் கரியாகியிருக்கும், இது ஒரு பக்கம் லேசாகப் பழுத்ததோடு சரி, இன்னும் ஒரு கோடை ஓடியிருக்கும் என்றார். பக்கத்தில் இருந்த, மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டயோடுத் தகட்டைத் தட்டிக் காட்டினார். செத்தது இதுதான், வண்டியின் கம்ப்யூட்டரும் அடி வாங்கியிருக்கும். எஞ்சின் ஓடும்போது எவனாவது பேட்டரி வயரைக் கழற்றினானா என்று கேட்டார்.

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பழைய காலத்து வண்டிகளுக்குச் சொன்ன சோதனை அது, இந்தக் காலத்து வண்டியில் அப்படிச் செய்தால் மின்சாரம் ஒரே எகிறாக எகிறி எல்லாவற்றையும் ஓட்டை போட்டுவிடும், அந்த நிமிடமே நிற்காது, நாலு மணி நேரம் நொண்டிவிட்டுச் சூடு ஏறினதும் படுத்துவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். என் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு முன்னால் பாலத்து வெயில் ஒன்றுமேயில்லை.

நேரே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் பிடித்தால் என்ன நடக்கும்? செய்த தப்பை மறைக்கக் கதை கட்டுகிறாள் என்பார். சுருள் கட்டுகிறவனுக்கு என்ன தெரியும் என்பார். அக்கா புருஷன் பக்கம் நிற்பாள். அவர் சொல்லி நான் கெட்டவளானேன், அவர் வாயாலேயே நான் நல்லவளாக வேண்டும், அதுவும் அதே ஆட்கள் முன்னால். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று முடிவு செய்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. இந்த ஆள் தெரியாமல் செய்த முட்டாளா, தெரிந்தே செய்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டிய அயோக்கியனா? ஒரு நாள் ரேடியோ பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னான். ஓட்டை உடைசல் வண்டி வந்தாலும் வித்தை காட்டுகிற மனிதர், தன் புது வேனில் மட்டும் ஒருமுறைகூடக் காட்டவில்லையாம். நாங்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு வெயிலுக்காகக் காத்திருந்தேன். எல்லாரும் மழை வராதா என்று வானத்தைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் இன்னும் காய்ந்து கொளுத்து என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் வந்தது. மருத்துவமனை வாசலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. அத்தான் வேனின் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு வைத்திருந்தார். அப்பாவும் மற்ற இரண்டு நோயாளிகளும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அப்பாவின் பையோடு கதவருகே நின்றாள். பொறுப்பாளர் அம்மா நோயாளிகளை வழியனுப்ப வந்திருந்தார். ரேடியோவும் ஸ்டாண்டு ஆட்களும் சுவரோரம் இருந்த துளி நிழலுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் இருந்தார்கள்.

நான் பொறுப்பாளர் அம்மாவிடம் போனேன். அம்மா, என் வண்டியில் நடந்தது இன்னொரு வண்டியில் நடக்கக் கூடாது, இந்த வெயிலில் டைனமோ எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது, கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை சோதித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்றேன். பாலத்தில் நடந்ததற்குப் பிறகு அந்த அம்மாவுக்குக் கோடை என்றாலே உதறல். உடனே தலையாட்டினார்.

"அத்தான், அந்த வயர் சோதனையைக் கொஞ்சம் செஞ்சு காட்டிடுங்களேன்" என்றேன், தேன் ஒழுக.

அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே நான் இத்தனை நாள் உயிரோடு இருந்தேன். இப்போது எதற்கு அதெல்லாம் என்றார். நேரமாகிறது என்றார். பானெட் சுடும் என்றார். ரேடியோ விடுவானா? ஒர்க்‌ஷாப்பில் ஓசியில் காட்டுகிற வித்தைதானே, அம்மாவும் பார்க்கட்டும் என்று முன்னால் வந்துவிட்டான். ஸ்டாண்டு ஆட்கள் நிழலை விட்டுவிட்டு வேனைச் சுற்றி நின்றார்கள். அவருக்கு மிகவும் பிடித்த கூட்டம் அது. ஸ்பானர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்று மென்று விழுங்கினார்.

நான் என் வண்டியிலிருந்து எடுத்து நீட்டினேன். "இந்தாங்க, பத்தாம் நம்பர்."

அவர் அதை வாங்கிக்கொண்டார், ஆனால் விரலில் சுழற்றவில்லை. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். புருஷன் ஒரு நொடியில் செய்து முடித்து என் மூக்கை உடைப்பார் என்று நினைத்தாள். "செஞ்சுட்டுத்தான் வாங்களேன், ஒரு நிமிஷ வேலை. இவ வாய் அடைஞ்சா சரி" என்றாள்.

அத்தான் பானெட்டைத் திறந்து குனிந்தார். நட்டில் ஸ்பானரை வைத்தார். கை அசையவில்லை. அவர் மூக்கு நுனியிலிருந்து வேர்வை பேட்டரிமேல் சொட்டியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். முட்டாளாக இருந்தால் கழற்றுவார், வேன் சாகும். அயோக்கியனாக இருந்தால் கழற்ற மாட்டார், பேர் சாகும். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அதை நான் மறைக்கப்போவதில்லை.

அவர் நிமிர்ந்தார். சூட்டில் நட் இறுகிவிட்டது, வரவில்லை என்றார்.

அங்கேதான் அவர் கணக்கு தப்பியது. எங்கள் வீட்டில் திறக்காத டப்பா, கழலாத குழாய் எதுவாக இருந்தாலும் சின்ன வயதிலிருந்தே அக்காவிடம்தான் வரும். "இங்க குடுங்க" என்று ஸ்பானரைப் பிடுங்கினாள். ஒரு திருப்புதான். நட் சுலபமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அவள் நிமிர்ந்து புருஷனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வயரைப் பிடித்தாள்.

அத்தான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றினார். "வேண்டாம்டி. எடுத்துடாதே. வண்டி செத்துடும்."

அக்கா வயரிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏன் சாகும் என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, எஞ்சின் ஓடும்போது எடுத்தால் மின்சாரம் எகிறிவிடும், புது வண்டிகள் தாங்காது என்றார்.

"அவ வண்டியும் புதுசுதானே?"

அவர் அவள் விரல்களை வயரிலிருந்து பிரிக்கப் பார்த்தார்.

"அன்னிக்கு இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஒரு தடவைல ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றார். நாலு பேர் கைதட்டுவதற்காக. அவ்வளவுதான் காரணம். அதற்காகத்தான் என் அப்பா பாலத்தில் வெந்தார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வயிற்றில் குளுகுளுவென்று இருந்தது. அவர் அதோடு முடித்துக்கொள்ளப் பார்த்தார். குடும்ப விஷயம், வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அக்காவின் தோளைத் தொட்டார். அவள் தோளை விலக்கிக்கொண்டாள். நான் விடவில்லை. அன்றைக்கு வராந்தாவில் எவ்வளவு சத்தமாகச் சொன்னாரோ அவ்வளவு சத்தமாக இப்போது சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார், இவள்மேல் தப்பில்லை, வண்டியைக் கெடுத்தது நான்தான் என்று. ரேடியோ காதில் கையை வைத்துக்கொண்டு, அண்ணே சரியாகக் கேட்கவில்லை என்றான். இன்னொரு தடவை சொல்ல வைத்தான். அவனுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வேனின் கதவு திறந்தது. அப்பா கைத்தடியை முதலில் கீழே வைத்து, பிறகு காலை வைத்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அக்கா பிடிக்க வந்ததை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, மருமகன் பக்கம் திரும்பாமல், அந்த இளகின தாரில் நடந்து என் வண்டிக்கு வந்தார். முன் சீட்டில் அவர் இடத்தில் உட்கார்ந்தார். மற்ற இரண்டு நோயாளிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் இறங்கி வந்தார்கள். பொறுப்பாளர் அம்மா என்னிடம் வண்டி இப்போது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பானெட்டை மூடி, ஏசியைப் போட்டு, உச்சி வெயிலில் சோதித்த வண்டி என்றேன். அப்படியானால் இனிமேலும் நீயே வா என்றார்.

அக்கா கடைசியாகப் பின் சீட்டில் ஏறினாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குக் கொடுத்திருக்க மாட்டேன். எஞ்சினை ஓடவிட்டேன். அப்பா டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார்.

"லைட்டு எரியுதா, குட்டி?"

"இல்லப்பா."

"அப்ப ஏசியை முழுசா வை."

வைத்தேன். அத்தான் வேனை விட்டுவிட்டு, இன்னும் திறந்திருந்த என் ஜன்னலுக்கு வந்துவிட்டார். தலையைக் குனிந்து பின் சீட்டைப் பார்த்து, அப்படியானால் நான் என்னதான் செய்வது என்று கேட்டார். அக்கா மடியில் இருந்த ஸ்பானரை என் தோளுக்கு மேலாக நீட்டி அவர் கையில் வைத்தாள்.

"நட்டை இறுக்கிட்டு ஓட்டிட்டுப் போங்க. உங்க வண்டி நல்லாத்தானே இருக்கு. அதை யாரும் ஒண்ணும் பண்ணலையே."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பட்டனைத் தொட்டேன். கண்ணாடி மேலே ஏறியது. அவர் வெயிலில் நின்றார்.